அளவுக்கு ஓர் ஆள்

“உன் பக்கத்துல நிக்கிறது யாரு?” என்று கேட்டபடி ரவிசங்கர் சார் கணினித் திரையைச் சோலைமுத்துவின் பக்கம் திருப்பினார்.

சோலைமுத்து குனிந்து பார்த்தான். போன ஞாயிற்றுக்கிழமை பாலைவனத்துக்குள், மலீஹா ஊரைத் தாண்டிப் போய் எடுத்த படம். திரையின் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு பழுப்பு நிறத்தில் ஒரு புழுதிச் சுவர் நின்றது. அதன் அடியில், நகத்தளவுகூட இல்லாமல், மஞ்சள் சேஃப்டி ஜாக்கெட் போட்ட ஒருவன் வலது கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். அது சோலைமுத்து. அவனுக்கு வெகுதூரம் பின்னால், புழுதி தரையைத் தொடும் இடத்தில், இன்னொருவன் நின்றான். அவனுக்கும் மஞ்சள் ஜாக்கெட். அவனும் கையைத் தூக்கியிருந்தான்.

“நான் மட்டுந்தான் சார் நின்னேன்.”

“ஒட்டகப் பண்ணை ஆளு எவனாவது இருப்பான்.” சார் படத்தைப் பெரிதாக்கினார். பெரிதாக்கப் பெரிதாக்க அந்த உருவம் கட்டம் கட்டமாக உடைந்ததே தவிர முகம் தெரியவில்லை. “ஆனா சூப்பரா வந்திருக்கு. முன்னாடி ஒருத்தன், பின்னாடி ஒருத்தன். இப்பதான் அந்தச் சுவரு எவ்ளோ பெருசுன்னு தெரியுது. எங்க வானிலை குரூப்ல எல்லாரும் ஆடிப் போயிட்டாங்க.”

ஷார்ஜா தொழில்பேட்டையில் அலுமினியச் சட்டங்கள் அடுக்கிய ஒரு கிடங்குக்கு ரவிசங்கர் மேனேஜர். சோலைமுத்து அங்கே போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். முதுகுளத்தூர்ப் பக்கம். வந்து மூன்று வருடமாகியும் ஒரு தடவைகூட ஊருக்குப் போகவில்லை. சாருக்குக் குடியும் கிடையாது, சீட்டும் கிடையாது. அவருக்கு வானிலைப் பித்து. வேலை நேரத்திலேயே ஒரு திரையில் ஸ்டாக் கணக்கும் இன்னொரு திரையில் ரேடார் படமும் ஓடும். கோடை மதியங்களில் கிழக்கே மலைகளின் மேல் இடிமேகம் திரளும். அது உடைந்து விழும்போது அதன் குளிர்ந்த காற்று சமவெளியில் இறங்கி, வழியிலுள்ள மணலையெல்லாம் வாரிக்கொண்டு ஒரு சுவராக எழுந்து வரும். மழை பெய்கிற ஓடைப் பக்கம் போனால் போலீஸ் பிடிக்கும். இந்தச் சுவரின் முன்னால் போய் நிற்பவனை யாரும் தடுப்பதில்லை.

வெறும் சுவரைப் படமெடுத்தால் அதன் உயரம் பார்க்கிறவனுக்குப் புரியாது என்பார் சார். அளவுக்கு ஓர் ஆள் வேண்டும். ஜூன் மாதத்திலிருந்து அந்த ஆள் சோலைமுத்துதான். அவர்கள் போவது, வெயிலில் ஆட்களை நிறுத்தி வேலை வாங்கக்கூடாது என்று அந்த நாட்டுச் சட்டம் தடுத்திருந்த மதிய நேரத்தில். “இது வேலையா என்ன? அவுட்டிங்” என்று சிரிப்பார்.

சோலைமுத்துவால் மறுக்க முடியாது. அவனுடைய லீவ் ஃபார்ம் ஏழு வாரமாகச் சாரின் மேஜைமேல் கிடந்தது. மனைவி நாகவள்ளிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மதுரையில் ஆபரேஷனுக்கு ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி குறித்துக் கொடுத்திருந்தார்கள். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

“அந்த ஃபார்ம் சார்...”

“பாக்கலாம், பாக்கலாம். வர்ற ஞாயிறு ரெடியா இரு. பெருசா ஒண்ணு வருது.”

*

அந்த ஞாயிறு, தைத் சாலையிலிருந்து இறங்கி மணல் தடத்தில் பதினைந்து நிமிடம் ஓட்டிச் சார் வண்டியை நிறுத்தினார். அன்று மேகம் மேற்கே நகர்ந்து போய் உடைந்திருந்ததால், சுவர் சாயும் வெயிலைப் பின்னால் வைத்துக்கொண்டு எழுந்து வந்தது. ஏற்பாடு எப்போதும் ஒன்றுதான். சார் குளிர்ந்த வண்டிக்குள் இருந்தபடி, கண்ணாடியை இறக்கிப் படமெடுப்பார். சோலைமுத்து காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, போனை இணைப்பிலேயே வைத்துக்கொண்டு நடப்பான். நில் என்று சொன்ன இடத்தில் திரும்பி, முகத்தைக் காமிராவுக்கும் முதுகைப் புழுதிச் சுவருக்கும் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். புழுதி வந்து மூடிய பிறகு, ஹாரன் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குத் திரும்ப வேண்டும்.

அன்றைக்கு முந்நூறு அடி போய்த் திரும்பி நின்றபோது காற்று சுத்தமாகச் செத்திருந்தது, பக்கத்திலிருந்த காஃப் மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை, வியர்வை கழுத்திலிருந்து இறங்கி ஜாக்கெட்டின் உள்பக்கம் ஊறிக்கொண்டிருந்தது, முதுகுக்குப் பின்னால் மட்டும் யாரோ பெரிய முறத்தில் ஓயாமல் அரிசி புடைப்பதுபோல் ஒரு சரசரப்பு மெல்ல மெல்ல ஏறி வந்தது. முதலில் மண் நனைந்த வாசனை வந்தது. அது அவனுக்குப் பழக்கமானதுதான். அதன் பின்னாலேயே இன்னொரு வாசனை. வியர்வையில் ஊறிய துணியைத் துவைக்காமல் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, பல மாதம் கழித்துத் திறந்தால் அடிக்குமே, அந்த வீச்சம்.

பிறகு யாரோ துப்பினார்கள்.

வாய்க்குள் மணல் போனவன், நாக்கால் திரட்டித் திரட்டித் துப்புகிற சத்தம். ஒரு தடவை. சற்று இடைவெளி விட்டு இன்னொரு தடவை, முதலில் கேட்டதைவிட அருகில்.

“சார், எனக்குப் பின்னாடி யாரோ இருக்காக.”

“திரும்பாத,” என்றது காதுக்குள் சாரின் குரல். “அப்படியே நில்லு. லைட்டு இப்பதான் வருது. கையை இன்னும் மேல தூக்கு.”

தூக்கினான். தன் நிழல் முன்னால் நீண்டு கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கு இடப்பக்கம் இன்னொரு நிழலின் தலை, ஒவ்வொரு சாணாக முன்னேறி வந்தது. வெளிச்சம் போயிற்று. இரண்டு நிழலும் போயின. மணல் அவனை மூடியது.

ஹாரன் அடித்தது. கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினான். கூடவே இன்னொரு ஜோடி பூட்ஸ் ஓடிவந்தது. அவன் நின்றால் அதுவும் நின்றது. வண்டியின் பக்கவாட்டில் மோதிக் கதவைத் திறந்து, உள்ளே விழுந்து, சாத்தினான்.

சார் காமிராவின் சின்னத் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பின்கதவின் கைப்பிடி மெதுவாக ஏறி இறங்கியது. மறுபடியும் ஏறியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மணலைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

“அண்ணே,” என்றது ஒரு தொண்டை. கெஞ்சலாக, களைப்பாக. “தொறங்கண்ணே.”

சோலைமுத்து யோசிக்கவே இல்லை. எட்டி எல்லாக் கதவுக்கும் சேர்த்து லாக்கை அழுத்தினான்.

“என்னடா?” என்றார் சார், தலை நிமிராமல்.

“ஒண்ணுமில்ல சார். போயிரலாம் சார்.”

மறுநாள் சார் படத்தைக் காட்டினார். இந்தத் தடவை அந்த மஞ்சள் ஜாக்கெட் சோலைமுத்துவுக்குப் பின்னால் பத்தே அடியில் நின்றது. முகத்தில் மணல் அப்பியிருந்தது. அது காமிராவைப் பார்க்கவில்லை. சோலைமுத்துவின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இது நம்ம கம்பெனி ஜாக்கெட்டு சார்,” என்றான் சோலைமுத்து.

சார் சிறிது நேரம் படத்தையே பார்த்தார். பிறகு அதை மூடினார். “எல்லா ஜாக்கெட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். போய் வேலையப் பாரு.”

*

தொழிலாளர் கேம்ப்பில் அவனுடைய அறையில் ஆறு கட்டில்கள். ஜன்னலோரக் கட்டிலில் இருந்த ஃபாரூக் அதிராம்பட்டினத்துக்காரர். அதே கிடங்கில் ஒன்பது வருடமாக ஸ்டோர் கீப்பர். அன்று சாயங்காலம் மற்றவர்கள் மெஸ்ஸுக்குப் போயிருந்தபோது சோலைமுத்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னான். ஃபாரூக் கடைசிவரை கேட்டார். எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“நீ படுக்கிற கட்டில்ல முன்னாடி யாரு படுத்தான்னு ஒனக்குத் தெரியுமா தம்பி?”

“தெரியாது பாய்.”

“விஜயபாஸ்கர்னு ஒரு பையன். புதுக்கோட்டைப் பக்கம். அவனையும் சார் இப்படித்தான் கூட்டிட்டுப் போவாரு. ஒரு நாளு போனவன் வரலை. ஓடிப்போயிட்டான்னு எழுதிக் குடுத்துட்டாரு. கேஸு முடிஞ்சு போச்சு.” ஃபாரூக் குரலைத் தாழ்த்தினார். “பாஸ்போர்ட்டு ஆபீஸ் அலமாரியில கெடந்துச்சு, செருப்பு கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு. எவன் தம்பி அப்படி ஓடுவான்?”

“நீங்க யார்கிட்டயும் சொல்லலையா?”

ஃபாரூக் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. “எனக்கு மூணு பொம்பளப் புள்ளைங்க,” என்றார்.

இரவு நாகவள்ளி போனில் வந்தாள். வலி கூடியிருக்கிறதாம், மாத்திரை கேட்கவில்லையாம். அதைச் சொல்லிவிட்டு, அதைவிடச் சின்னக் குரலில், “கையெழுத்துப் போட்டுட்டாகளா?” என்று கேட்டாள். “போட்ருவாரு, இந்த வாரம் போட்ருவாரு,” என்றான். அன்றிரவு அவன் கட்டிலில் படுக்கவில்லை. தரையில் பெட்ஷீட்டை விரித்துக் கிடந்தான்.

*

புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்குச் சார் கிடங்குக்குள் அவனைத் தேடிக்கொண்டு வந்தார். கண்கள் பளபளத்தன.

“வண்டியில ஏறு. மலைமேல மூணு இடிமேகம் ஒண்ணாச் சேந்திருக்கு. இந்த வருஷத்துலயே பெருசு இதுதான்.”

“எனக்கு ஒடம்பு சரியில்ல சார்.”

சார் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து விரித்துக் காட்டினார். லீவ் ஃபார்ம். பேனாவையும் எடுத்து அதன்மேல் வைத்தார்.

“இன்னைக்கு ஒரு நாள். ஸ்பாட்டுக்குப் போனதும் போட்டுக் குடுக்குறேன். சனிக்கிழமை ஃபிளைட்டு ஏறு.”

சோலைமுத்து வண்டியில் ஏறினான்.

நகரத்தைத் தாண்டியதும் கிழக்கு வானம் கரும்பச்சையாக இருந்தது. மேகத்துக்குள் சத்தமில்லாமல் மின்னியது. சார் விரல்களால் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு ஓட்டினார்.

“சார், விஜயபாஸ்கர்னு ஒருத்தன்...”

தாளம் நிற்கவில்லை. “ஃபாரூக் சொன்னானா?”

சோலைமுத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“ஹாரன் அடிச்சேன்டா. இருபது நிமிஷம் அடிச்சேன். அவன் எதிர்ப்பக்கமா ஓடிட்டான் போலிருக்கு. நான் என்ன பண்றது? அந்தப் புழுதியில இஞ்சினை ஓட விட்டா ஃபில்டர் அடைச்சுக்கும். பேட்டரியும் போயிருச்சுன்னா நானும் அங்கயே கெடக்க வேண்டியதுதான்.” வெயிலைப் பற்றியோ பெட்ரோலைப் பற்றியோ பேசுகிற குரல்தான். “போலீஸ்ல சொல்லியிருக்கலாம். சொன்னா என்னை உள்ள வைப்பான். அவன் திரும்பி வந்துருவானா? அவன் சொன்ன பேச்சுக் கேக்க மாட்டான். நீ கேப்ப.”

மதாம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு தடத்தில் இறங்கி, கண்ணுக்கெட்டிய தூரம் மேடில்லாத, மரமில்லாத ஒரு வெளியில் வண்டி நின்றது. சார் சொன்னபடியே செய்தார். தாளை ஸ்டியரிங்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டு, தேதியும் எழுதி, சோலைமுத்து பார்க்கும்படி டேஷ்போர்டின்மேல் வைத்தார்.

“நானூறு அடி. ஒரே ஒரு படம்.”

இந்த ஆளை அடித்துப் போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று சோலைமுத்து ஒரு நிமிடம் நினைத்தான். நினைத்தது மதுரை ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் போய், அங்கே யாருமில்லாமல் படுத்திருக்கும் நாகவள்ளியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. இறங்கினான்.

வெளியே காற்றில் குளிர் இருந்தது, அந்த நாட்டுக் கோடையில் இருக்கவே கூடாத ஒரு குளிர். எதிரே அந்தச் சுவர் வானத்தின் பாதிவரை எழும்பி, உள்ளுக்குள் உருண்டு உருண்டு, சத்தமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. அதன் உச்சியில் வெயில் பட்டுப் பொன்னாக இருந்தது, அடியில் இருட்டு. அந்த இருட்டைப் பார்த்து அவன் நடந்தான். நூறு அடி. இருநூறு. அங்கே நின்றான்.

“இன்னும் போ,” என்றது காதுக்குள்.

“இது போதும் சார்.”

“ஃபார்மைக் கிழிக்கட்டா?”

போனான். நானூறாவது அடியில் திரும்பினான். முதுகைச் சுவருக்குக் காட்டினான். கையைத் தூக்கினான். தூரத்தில் வண்டி ஒரு தீப்பெட்டி மாதிரி தெரிந்தது.

“அப்படித்தான். அசையாத. அய்யோ, என்னா அழகு! அசையாதடா.”

சரசரப்பு வந்தது. வீச்சம் வந்தது.

துப்புகிற சத்தம் வரவில்லை. அவன் காத்திருந்தான். வரவில்லை. அது வராததுதான் அதிகம் பயமாக இருந்தது.

வெளிச்சம் போயிற்று.

காதிலும் மூக்கிலும் மணல். கண்ணைத் திறக்க முடியவில்லை. ஹாரன் அடித்தது. நேர் எதிரே. காலை எடுத்து வைக்கப் போனான்.

ஒரு கை அவன் தோளில் விழுந்தது.

கனமான கை. பிடிக்கவில்லை, தள்ளவில்லை. எட்டு மணி நேரம் கேட்டில் காவல் நின்றவன், டூட்டி மாற்ற வந்தவனைத் தட்டுவதுபோல் இரண்டு தடவை தட்டியது.

“வந்துட்டியாண்ணே,” என்றது அந்தத் தொண்டை, காதோரம். அழுகிற மாதிரி இருந்தது. “எம்புட்டு நேரம்.”

பிறகு அது அவனைத் தாண்டிப் போயிற்று. மணலுக்குள் ஒரு மஞ்சள் முதுகு. ஒளிர்பட்டை இரண்டு. ஹாரனைப் பார்த்து அவசரமில்லாமல் நடந்தது.

சோலைமுத்து ஓடினான். ஓடினான் என்றுதான் நினைத்தான். கால்களைத் தூக்கித் தூக்கி வைத்தான். மணல் காலடியில் நகர்ந்தது. ஹாரன் கிட்ட வரவில்லை.

“சார்!” என்று கத்தினான். வாய் நிறைய மணல்.

ஹாரன் நின்றது.

இயர்போன் இன்னும் காதில் இருந்தது. அதில் கார்க் கதவு திறந்தது. மூடியது. புழுதியின் இரைச்சல் சட்டென்று அடங்கி, ஏசியின் மெல்லிய ஓசை மட்டும் கேட்டது.

“ஏறு, ஏறு, கதவைச் சாத்து. மணலு எல்லாம் உள்ள வருது பாரு,” என்றார் சார். “என்னடா இப்படி வெளுத்துப் போயிட்ட? தண்ணி குடி.”

யாரோ தண்ணீர் குடித்தார்கள். நிறுத்தாமல், மூச்சு விடாமல், வெகுநேரம்.

“சார்! அது நான் இல்ல! நான் இங்க இருக்கேன் சார்!”

“நல்லா வந்திருக்கு,” என்றார் சார். “சொன்ன பேச்சுக் கேட்டல்ல? இந்தா, ஒன் ஃபார்மு.”

தாள் மடிக்கிற சத்தம்.

“ரொம்ப தேங்க்ஸ் சார்,” என்றது ஒரு குரல். அது சோலைமுத்துவின் குரல். அவன் இழுப்பு, அவன் ஊர்ப் பேச்சு. “வீட்டுக்கு ஒரு போன் பண்ணிக்கிறட்டுமா சார்? அவ காத்துக்கிட்டு இருப்பா.”

“என் போன்லயே பண்ணு. அட, லைன் இன்னும் கட் ஆகாமயே இருக்கு. நீதான் பக்கத்துல இருக்கியே, இது எதுக்கு?”

இணைப்பு அறுந்தது.

இன்ஜின் சத்தம் ஒரு தடவை உறுமி, சிறுத்து, இல்லாமல் போயிற்று.

விரலால் போனைத் துடைத்து நாகவள்ளியின் எண்ணைப் போட்டான். வேறொரு அழைப்பில் இருப்பதாகச் சொன்னது. மறுபடியும் போட்டான். மறுபடியும் அதுவே. ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ எடுத்தாள்.

“யாரு? நம்பரே விழலையே.”

“நாகு, நான்தான்.” மணல் அடைத்த தொண்டையிலிருந்து வந்த குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. “நான்தான் சோலை. யாராச்சும் போன் பண்ணாக் கேக்காத. வீட்டுக்கு வந்தாக் கதவைத் தொறக்காத.”

“யாருங்க பேசுறது? ஒண்ணும் வெளங்கலை.”

“நாகு...”

“வைங்க மொதல்ல. எங்க வீட்டுக்காரவுக இன்னொரு லைன்ல இருக்காக.” அவள் குரலில் அப்படியொரு சந்தோஷத்தை அவன் மூன்று வருடமாகக் கேட்டதில்லை. “லீவு கெடச்சிருச்சாம். சனிக்கிழமை வர்றாக.”

வைத்துவிட்டாள்.

போனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. காற்று தணிந்தது. புழுதி மெல்ல மெல்லக் கீழே இறங்கி, பழுப்புக்குள் வெயில் கலங்கலாக ஊறியது. சாலை எந்தப் பக்கம் என்று தேடிச் சுற்றிலும் பார்த்தான்.

அந்த வெளியில் ஆட்கள் நின்றார்கள்.

முதலில் ஒருவன், நூறு அடியில், ஆரஞ்சு நிற ஜாக்கெட். அவனுக்கு அப்பால் நீல ஓவரால் போட்ட இன்னொருவன். தலையில் துண்டு கட்டிய ஒருவன். ஹெல்மெட்டோடு ஒருவன். பச்சை, மஞ்சள், சாம்பல், இன்னும் புழுதி இறங்க இறங்க, அடிவானம்வரை, ஆளுக்கு ஆள் இடம் விட்டு, நூற்றுக்கணக்கில். ஒருவனும் இன்னொருவனைப் பார்க்கவில்லை. சோலைமுத்துவையும் பார்க்கவில்லை. எல்லா முகமும் ஒரே திசையில் திரும்பியிருந்தது.

அவனும் அந்தத் திசையில் பார்த்தான். வெகுதூரத்தில் சாலை தெரிந்தது. அதிலிருந்து ஒரு வண்டி இறங்கி, மணல் தடத்தில் மெதுவாக வந்துகொண்டிருந்தது. நின்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஓரடி முன்னால் எடுத்து வைத்தார்கள். சோலைமுத்துவின் காலும் ஓரடி முன்னால் போயிற்று.